மாதுங்கா முதல் கிர்காம் வரை

பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்புவதா, கல்யாணம் செய்து கொடுப்பதா என்ற இரண்டே கேள்விகளுடன் நம்மவர் வீடுகள் பலவற்றில் ஜூன் மாதம் பிறக்கிறது. மூன்றாவது வழி ஒன்று உண்டா என்று கேட்பார் அரிது. சென்ற ஜூனில் இக்கேள்வி நம் குடும்பத்திலேயே எழுந்தது. விடை தேடி ஒரு நாள் மும்பைக்குப் பிரயாணம் செய்தோம். அங்கே கண்டதும் கேட்டதும் சங்கத்து அன்பர்கள் சிலருக்கேனும் பயன்படக்கூடும் என்று கருதி இதை எழுதுகிறோம்.

நம் தமக்கையாரின் மகளுக்கு வயது பத்தொன்பது. பத்தாம் வகுப்பில் ஓரளவு நல்ல மதிப்பெண் பெற்றவள், பன்னிரண்டாம் வகுப்பில் 47 சதவீதம் வாங்கித் தேறினாள். வணிகவியல் பட்டப்படிப்பில் சேர்த்தார்கள். முதல் இரண்டு பருவத் தேர்வுகளிலும் பாடங்கள் பல நின்றுவிட்டன. அடுத்த பருவத்துக்குக் கட்டணம் கட்டவேண்டிய நாளன்று, "நான் இனிமேல் போகவில்லை அப்பா" என்று சொல்லிவிட்டு, பழுதாகிக் கிடந்த மிக்ஸியைக் கழற்றி வைத்துக்கொண்டு அடுக்களையில் உட்கார்ந்துவிட்டாளாம். மாலைக்குள் மிக்ஸி ஓடியது. ஆனால் அத்தானுடைய கோபம் தணியவில்லை. "படிப்பு வராவிட்டால் ஆடி கழிந்ததும் ஆவணியில் முகூர்த்தம் பார்த்துவிடுகிறேன்" என்று முடிவாகச் சொல்லிவிட்டார்.

புசாவலில் நம் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் அவர்கள் குடியிருக்கிறார்கள். தமக்கையார் அன்றிரவே வந்து, "தாய்மாமன் நீ ஒரு வார்த்தை சொன்னால் அவர் யோசிப்பார்" என்று கண்கலங்கினார். நாம் போய்ச் சொன்னோம். அத்தான் நம்மை ஏற இறங்கப் பார்த்தார். "உத்தியோகம் என்று ஒன்று கிடைக்கும் வழியைக் காட்டு, பேச்சுக்காகச் சொல்லாதே. ஒரு வாரம் தருகிறேன்" என்றார். நாமும் பத்தாம் வகுப்போடு நின்றவர். ரயில்வேயில் கீழ்நிலைப் பணியில் சேர்ந்து, துறைத் தேர்வு எழுதிக் குமாஸ்தாவானவர். ஆகையால் அவருக்குப் பதில் சொல்லும் பொறுப்பு நமக்கு உண்டு என்று தோன்றிற்று.

இரவு வண்டியில் அவளை அழைத்துக்கொண்டு புறப்பட்டோம். ரயில்வே ஊழியரின் இலவசப் பாஸில் தமக்கை மகளுக்கு இடமில்லை. அவளுக்கு மட்டும் டிக்கட் வாங்கினோம். இகத்புரியில் வண்டி நின்றபோது விடியத் தொடங்கியிருந்தது. அதன்பின் தால் மலைத்தொடரில் இறங்கும் பாதை. முப்பத்தேழு அடி ஓடினால் ஓர் அடி இறங்கும் அளவுக்குச் சரிவு. குகைகளும் பள்ளத்தாக்குகளும் மாறி மாறி வந்தன. அவள் சன்னலோரம் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டே வந்தாள். பெற்றோர் முகத்தில் விழிக்கக் கூசும் பெண்ணின் மௌனம் அது என்பதை அறிந்து, நாமும் பேச்சுக் கொடுக்கவில்லை.

தாதரில் இறங்கி, உள்ளூர் வண்டியில் ஒரே ஸ்டேஷன் தாண்டினால் மாதுங்கா. மும்பைத் தமிழர்க்கு அவ்வூரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. காலை ஏழு மணிக்கே பூக்கடைகளில் கதம்பமும் மல்லிகையும் குவிந்து கிடக்கின்றன. வாழையிலைக் கட்டுகள் வந்து இறங்குகின்றன. காப்பி மணம் தெருவெல்லாம் வீசுகிறது. அதைப் பருகிவிட்டு மீண்டும் ஸ்டேஷனுக்கே திரும்பினோம். நாம் அவளுக்குக் காட்ட விரும்பியது அந்த ஸ்டேஷனைத்தான்.

மத்திய ரயில்வேயைச் சேர்ந்த இந்த மாதுங்கா ஸ்டேஷனை 2017 ஜூலையில் முழுவதும் பெண் ஊழியர்களிடம் ஒப்படைத்தார்கள். ஸ்டேஷன் மேலாளர், டிக்கட் கொடுப்பவர், பரிசோதகர், அறிவிப்பாளர், பாதுகாப்புப் படையினர், பாயிண்ட்ஸ் பணியாளர் எல்லோரும் பெண்கள். 2018இல் லிம்கா சாதனைப் புத்தகத்திலும் இச்செய்தி இடம்பெற்றது. அதே 2018 பிப்ரவரியில் ஜெய்ப்பூரின் காந்திநகர் ஸ்டேஷனையும் இவ்வாறே பெண்களிடம் ஒப்படைத்தார்கள். எந்த ஆரவாரமும் இன்றி, மற்றெந்த ஸ்டேஷனையும் போலவே இங்கும் வேலை நடக்கிறது. கூட்டம் நெருக்குகிறது, சில்லறைக்குச் சண்டை வருகிறது, வண்டி வந்தால் எல்லோரும் ஓடுகிறார்கள்.

கூட்டம் சற்றுத் தணிந்ததும், டிக்கட் கவுண்டரில் பணி முடித்து வெளியே வந்த ஒரு மராட்டிய அம்மையாரிடம் நாம் யாரென்று சொல்லி விசாரித்தோம். அவர் பொறுமையாக விளக்கினார். டிக்கட் குமாஸ்தா வேலைக்குப் பட்டம் தேவையில்லை. பன்னிரண்டாம் வகுப்புப் போதும். தேர்வு கணினியில் நடக்கும். தேர்வு வாரியத்தின் வினாத்தாளைத் தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் தேர்ந்தெடுத்து எழுதலாம். இளநிலைக் குமாஸ்தா, தட்டச்சர் பணிக்கும் பன்னிரண்டாம் வகுப்பே தகுதி; ஆனால் நிமிஷத்துக்கு ஆங்கிலத்தில் 30 சொற்கள் அல்லது இந்தியில் 25 சொற்கள் தட்டச்சு செய்யத் தெரிய வேண்டும்.

எம் பெண்ணின் முகம் மலர்ந்தது. "எவ்வளவு மார்க் வேண்டும்?" என்று மராட்டியிலேயே கேட்டாள். "பொதுப் பிரிவினருக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் 50 சதவீதம்" என்றார் அம்மையார். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் முதலிய சில பிரிவினருக்கு இந்த வரம்பு இல்லை; மேற்படிப்பு முடித்தவர்களுக்கும் இல்லை. நம் பெண் இவர்களில் எவரையும் சேர்ந்தவள் அல்லள்.

பிளாட்பாரத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். "மூன்று சதவீதம்தான் மாமா" என்றாள். அப்போதுதான் முதன்முறையாக அவள் கண்ணில் நீர் பார்த்தோம். ரயில்வேயில் இருந்துகொண்டு இந்த விதியை முன்பே நினைவில் கொள்ளாமல் ஆசை காட்டி அழைத்து வந்த நம் தவறு நம்மைச் சுட்டது. அன்பர்களுக்கு முதலில் சொல்ல விரும்புவது இதுதான்: பெண்ணை ஒரு வாசலுக்கு அழைத்துச் செல்லுமுன் அதன் நிபந்தனைகளை நாம் படித்திருக்க வேண்டும்.

மாதுங்காவுக்கு அடுத்த ஸ்டேஷன் சயான். அங்கே இறங்கித் தாராவிக்கு நடந்தோம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்த முன்னோர்கள் காலூன்றிய இடம். விடியுமுன் இட்லி அவித்து முடித்த வீடுகளில் பாத்திரம் கழுவும் ஓசை கேட்டது. அந்த இட்லிகள் அப்போது சைக்கிளில் ஏறி நகரெங்கும் போய்க்கொண்டிருந்தன. அவித்தவர்கள் பெண்கள், விற்கப் போனவர்கள் ஆண்கள். இந்த வியாபாரத்தில் பெண்ணின் உழைப்புக்குத் தனிக் கணக்கு எழுதும் வழக்கம் இல்லை என்பதையும் கேட்டறிந்தோம்.

நமக்குத் தெரிந்த குடும்பத்து அம்மாள் ஒருவர் அங்கே ஆறு தையல் இயந்திரங்கள் வைத்து நடத்துகிறார். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். அவரிடம் தையல் தொழிலைப் பற்றிக் கேட்டபோது அவர் சர்க்கரை பூசிப் பேசவில்லை. "வீட்டில் உட்கார்ந்து உருப்படிக்கு இவ்வளவு என்று தைத்தால் முதுகுதான் வளையும் அம்மா. அளவெடுக்க, வெட்ட, விலை சொல்ல, கணக்கு எழுத, இந்த நாலும் தெரிந்தால் மட்டும் இதில் இறங்கு. தைப்பது ஐந்தாவது" என்றார். நம் பெண் அவருடைய பழைய இயந்திரம் ஒன்றின் மோட்டாரைக் குனிந்து பார்த்துக்கொண்டே, "பெல்ட் தளர்ந்திருக்கிறது அத்தை" என்றாள். அம்மாள் சிரித்துவிட்டு நம்மைப் பார்த்தார். "இவளைத் தையலுக்கு விடாதீர்கள், தையல் மிஷினுக்கு விடுங்கள்" என்றார். நாம் ஒரு வாரமாகத் தேடிய விடையின் பாதியை அவர் ஒரு நொடியில் சொல்லிவிட்டார்.

சயான் மருத்துவமனை வழியே திரும்பினோம். இரவுப் பணி முடிந்து செவிலியர்கள் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். செவிலியர் படிப்புக்கும் பட்டம் தேவையில்லை. துணைச் செவிலியர் படிப்பு இரண்டு ஆண்டு. பொதுச் செவிலியர் பட்டயப் படிப்பு மூன்று ஆண்டு. இரண்டுக்கும் பன்னிரண்டாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும். ஆனால் "எனக்கு ரத்தம் பார்த்தால் மயக்கம் வரும் மாமா" என்று அவள் சொல்லிவிட்டாள். பணிவிடையில் மனம் ஊன்றாதவளை, வேலை கிடைக்கும் என்பதற்காக மட்டும் நோயாளியின் கட்டிலருகே நிறுத்துவது இருவருக்கும் தீங்கு. அந்தப் பேச்சை அத்துடன் விட்டோம்.

அங்கிருந்து தாதர் மேற்கு. பெண்களுக்கான தொழிற்பயிற்சியை மத்திய அரசு 1977இல் தனித் திட்டமாகத் தொடங்கிற்று. அவ்வழியில் எழுந்த நிலையங்கள் நொய்டா, மும்பை, பெங்களூர், திருவனந்தபுரம் முதலிய நகரங்களில் இருக்கின்றன. பெண்களுக்கான தேசியத் திறன் பயிற்சி நிலையம் என்பது அவற்றின் இன்றைய பெயர். மும்பை நிலையத்தின் அறிவிப்புப் பலகை முன் அவள் நெடுநேரம் நின்றாள். ஆடை தயாரிப்பு, அழகுக்கலை, அலுவலகப் பணி போன்ற பயிற்சிகள் ஓராண்டில் முடிகின்றன. பயிற்சி பெற்றவர்கள் மேலும் ஓராண்டு படித்துப் பயிற்றுநராகவும் ஆகலாம். பெண்களே நிறைந்த இடம் என்பதால், வெளியூர்ப் பெற்றோர்க்கு மனநிம்மதியும் உண்டு.

அங்கே நாம் சந்தித்த ஒருவர், பெண்களுக்கென்ற நிலையத்தில்தான் சேரவேண்டும் என்பதில்லை என்பதை நினைவூட்டினார். எல்லா ஊர்களிலும் உள்ள பொதுவான ஐ.டி.ஐ.களிலும் 30 சதவீத இடங்கள் பெண்களுக்கு உண்டு. எலெக்ட்ரீஷியன், ஃபிட்டர், எலெக்ட்ரானிக்ஸ் மெக்கானிக் ஆகியவை இரண்டாண்டுப் பயிற்சிகள். வெல்டர், கணினி இயக்குபவர் ஆகியவை ஓராண்டு. எலெக்ட்ரீஷியனுக்கு, கணிதமும் விஞ்ஞானமும் படித்துப் பத்தாம் வகுப்பில் தேறியிருந்தால் போதும். பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை அங்கே யாரும் கேட்பதில்லை. இரண்டாண்டுப் பயிற்சியை முடித்தவர், விரும்பினால் பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் ஆண்டில் சேரவும் வழி இருக்கிறது.

"பத்தாம் வகுப்பு மார்க் போதுமா?" என்று அவள் இருமுறை கேட்டாள்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நம் அயலார் வீட்டுப் பெண் ஒருத்தி, விமான நிலையத்தில் வேலை நிச்சயம் என்று ஆசை காட்டிய ஒரு தனியார் பயிற்சிக் கூடத்தில் சேர்ந்து, பெருந்தொகையை இழந்தாள். கடைசியில் கிடைத்த சான்றிதழை எந்த உத்தியோகமும் ஏற்கவில்லை. தொழிற்பயிற்சியானால் தேசியத் தொழிற்கல்வி, பயிற்சிக் குழுமத்தின் அங்கீகாரம் உண்டா என்றும், செவிலியர் படிப்பானால் மாநிலச் செவிலியர் குழுமத்தின் அங்கீகாரம் உண்டா என்றும் பார்த்த பிறகே பணத்தை எடுக்க வேண்டும். இன்னொன்று: தமிழ்நாட்டில் பெற்ற சாதிச் சான்றிதழைக் கொண்டு, நாம் குடியேறியுள்ள மாநிலத்தின் இடஒதுக்கீட்டைக் கோர முடியாது. மாநில வசிப்பிடச் சான்றிதழையும் கடைசி நேரத்தில் தேட முடியாது. பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போதே இக்காகிதங்களைச் சேர்த்து வைப்பது விவேகம்.

பிற்பகலில் கிர்காம் சென்றோம். சர்னி ரோடு ஸ்டேஷனில் இறங்கினால் ஒருபுறம் கடல், மறுபுறம் பழைய மாடிக் குடியிருப்புகள். அப்படிப்பட்ட ஒரு குடியிருப்பின் மொட்டை மாடியில் 1959 மார்ச் 15 அன்று, ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி அப்பளம் இடத் தொடங்கினார்கள். முதல் நாள் நான்கே பொட்டலங்கள். அதுவே இன்று லிஜ்ஜத் என்று நாடெங்கும் அறியப்படும் ஸ்தாபனம். சுமார் 45,000 பெண்கள் அதில் உழைக்கிறார்கள். அவர்களைக் கூலியாட்கள் என்று சொல்வதில்லை. சகோதரிகள் என்றே அழைக்கிறார்கள். லாப நஷ்டத்தில் பங்குள்ள உடைமையாளர்கள் அவர்கள். பிசைந்த மாவை நிலையத்தில் பெற்று, வீட்டில் இட்டு உலர்த்தி, மறுநாள் கொடுத்துக் கூலி பெறுவது அவர்கள் முறை. தொடங்கியவர்களுள் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட் அவர்களுக்கு 2021இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

நம் பாட்டிமார் இட்ட அப்பளத்துக்கும் இதற்கும் என்ன வேற்றுமை என்று யோசித்தோம். கைத்திறனில் வேற்றுமை இல்லை. ஏழு பேர் சேர்ந்து கணக்கு வைத்துக்கொண்டதுதான் வேற்றுமை. வீட்டை விட்டு அகல இயலாத சகோதரிகளுக்கு இவ்வழி ஏற்றது. நம் சங்கத்துப் பெண்டிரும் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

மாலையில் சத்திரபதி சிவாஜி மகாராஜ் முனையத்தை அடைந்தோம். யுனெஸ்கோ 2004இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்ற அந்த மாளிகையின் கோபுரத்தை அவள் அண்ணாந்து பார்த்தாள். பிளாட்பாரத்தில் அமர்ந்து சுரேகா யாதவ் அவர்களின் கதையைச் சொன்னோம். சதாரா மாவட்டத்துப் பெண். கராட் அரசு பாலிடெக்னிக்கில் மின்பொறியியல் டிப்ளமா பெற்றவர். 1989இல் உதவி ஓட்டுநராகி, நாட்டின் முதல் பெண் ரயில் ஓட்டுநர் என்று பெயர் பெற்றார். 2011 மார்ச் 8 அன்று டெக்கான் குயின் வண்டியைப் புனேயிலிருந்து மலைச்சரிவு வழியே மும்பைக்கு ஓட்டி வந்தார். 2023 மார்ச் 13 அன்று சோலாப்பூரிலிருந்து வந்தே பாரத் வண்டியை இதே முனையத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். 2025 செப்டம்பரில் ஓய்வு பெற்றார்.

"நானும் ஓட்டலாமா மாமா?" என்றாள். காலையில் செய்த தவற்றை மறுபடி செய்ய நாம் விரும்பவில்லை. உள்ளதைச் சொன்னோம். உதவி ஓட்டுநர் வேலைக்குப் பத்தாம் வகுப்பும் உரிய ஐ.டி.ஐ. சான்றிதழும் போதும். ஆனால் கண்பார்வை கண்ணாடியின்றி முழுமையாக இருக்க வேண்டும். லேசர் சிகிச்சை செய்துகொண்டவர்களையும் ஏற்பதில்லை. அவளோ ஆறாம் வகுப்பிலிருந்து கண்ணாடி அணிபவள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள். "ஓட்டாவிட்டால் என்ன? ஓடுகிற மாதிரி வைத்திருப்பவர்களும் வேண்டும் அல்லவா?" என்றாள்.

வேண்டும் என்றோம். பட்டறைப் பணிகள் பலவற்றுக்குக் கண்ணாடி தடையில்லை. ஐ.டி.ஐ. முடித்தவர்களை ரயில்வே பட்டறைகளில் அப்ரெண்டிஸாக எடுக்கிறார்கள். மத்திய ரயில்வேயில் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணையும் ஐ.டி.ஐ. மதிப்பெண்ணையும் சேர்த்துப் பார்த்துத் தேர்வு செய்கிறார்கள். தனித் தேர்வு இல்லை. அப்ரெண்டிஸ் பயிற்சி முடித்தால் வேலை நிச்சயம் என்று சொல்லக்கூடாது. ஆயினும் ரயில்வேயின் முதல் நிலைப் பணியிடங்களில் 20 சதவீதம் அவர்களுக்கு ஒதுக்கப்படுகிறது. வெளியே உள்ள தொழிற்சாலைகளும் அந்தச் சான்றிதழை மதிக்கின்றன.

இரவு வண்டி கசாராவில் நின்றது. வண்டியின் பின்புறம் ஏதோ மெல்ல வந்து முட்டுவதுபோல் ஓர் அதிர்வு. "என்ன மாமா?" என்று விழித்தெழுந்தாள். "பின்னால் எஞ்சின் சேர்க்கிறார்கள். மேடு ஏறும்போது முன் எஞ்சின் மட்டும் போதாது. பெரும்பாலான வண்டிகளுக்கு இங்கே பின்னாலிருந்து தள்ளித்தான் மேலே ஏற்றுகிறார்கள். இகத்புரியில் கழற்றிவிடுவார்கள்" என்றோம்.

சற்று நேரம் மௌனமாக இருந்தாள். "இகத்புரி வரைக்கும் போதும் மாமா. அப்பாவிடம் அதை மட்டும் சொல்லுங்கள்" என்றாள்.

மறுநாள் காலை அத்தானிடம் எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னோம். திறந்த வாசல்களை மட்டுமன்றி, அவளுக்கு மூடிய வாசல்கள் இரண்டையும் சொன்னோம். "ஆண்பிள்ளைகள் நடுவில் எலெக்ட்ரீஷியன் வேலையா? யார் பெண் கேட்டு வருவார்கள்?" என்றார். தமக்கையார் வழக்கத்துக்கு மாறாகக் குறுக்கே பேசினார்: "மிக்ஸி ரிப்பேருக்கு நீங்கள் கடைக்காரனுக்குக் கொடுக்கும் காசை எண்ணிப் பாருங்கள். பெண் கேட்டு வருபவன் வீட்டில் மிக்ஸி இருக்காதா?" அத்தான் பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டார். ஆனால் விண்ணப்பம் முடியும் நாளுக்கு முந்தின மாலை, கையெழுத்திட்ட படிவம் மேஜைமேல் இருந்தது.

இப்போது அவள் ஊர் ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் வகுப்பில் படிக்கிறாள். அவள் வகுப்பில் பெண்கள் மொத்தம் மூன்று பேர். முகூர்த்தப் பேச்சை அத்தான் கைவிட்டுவிடவில்லை. இரண்டு ஆண்டு தள்ளி வைத்திருக்கிறார், அவ்வளவே. படிப்பு முடிந்ததும் வேலை கிடைக்குமா என்று நமக்கு யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. பட்டம் வாங்கியவர்களுக்கு மட்டும் யார் வாக்குக் கொடுத்தார்கள்?

சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் பத்தாம் வகுப்பில் முதல் மதிப்பெண் பெறும் பிள்ளைகளுக்குப் பரிசு வழங்குகிறோம், மிக நல்லது. அதே ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், மதிப்பெண் குறைந்த பெண்களையும் அவர்கள் பெற்றோரையும் அழைத்து, இத்தகைய பயிற்சிகளின் தகுதி, காலம், கட்டணம், தேவையான சான்றிதழ்கள் ஆகியவற்றை விளக்கினால் என்ன? நம்மில் ரயில்வேயிலும் மருத்துவமனையிலும் பட்டறையிலும் பணிபுரிவோர் பலர். ஆளுக்கு ஒரு வாசலைக் காட்டினாலும் போதும்.

சென்ற வாரம் அத்தான் கடைத்தெருவில் நம்மைக் கண்டார். கையில் ஒரு பொட்டலம். என்னவென்று கேட்டோம். பட்டறை வகுப்பில் மின்சாரம் தாக்காமல் இருக்க ரப்பர் அடிப்பாகம் வைத்த பூட்ஸ் வேண்டுமாம். "பெண்பிள்ளை அளவில் கிடைக்கவே இல்லை, நாலு கடை ஏறி இறங்கினேன்" என்று சலித்துக்கொண்டார். ஐந்தாவது கடையில் வாங்கியிருந்தார்.